ஜி-9 திசு வாழைக் கன்னு வாங்கப் போறவங்களுக்கு: ரெண்டு நடவு பாத்த அனுபவம்

நாங்க தேனி மாவட்டம், சின்னமனூர் பக்கம். தாத்தா காலத்துல இருந்து வாழைதான். முன்னாடி பூவன், ரஸ்தாளி, கொஞ்சம் பச்சநாடன்னு இருந்துச்சு, இப்ப இந்தப் பக்கம் திரும்பின இடமெல்லாம் ஜி-9தான், கிராண்ட் நைன்ங்கற ரகம். அப்பா மட்டும் ரொம்ப நாளா பக்கக்கன்னுதான் நட்டுக்கிட்டு இருந்தாரு, கடைசி ரெண்டு நடவுதான் திசு வாழைக்கு, அதாவது லேபுல பாட்டிலுக்குள்ள வளத்த கன்னுக்கு மாறினோம். ஒரு ஏக்கரு, ஆறுக்கு ஆறு அடி, ரெண்டு தடவையும் 1,200 கன்னு. முதத் தடவை ஒரு ஏஜென்ட்டு மூலமா வீட்டுக்கே வந்து இறக்குனாங்க, ரெண்டாவது தடவை நானும் அப்பாவும் நேரா லேபுக்கே போயி பாத்து வாங்கினோம். ரெண்டும் ஒரே ரகம், ஒரே பேரு, கையில வாங்குறப்ப பாக்கறதுக்கும் ஒன்னு போலதான் இருந்துச்சு, ஆனா வயல்ல போன பிறகு ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. நான் தாவரவியல் படிச்சவ, அதனால ஏன் இப்படி ஆச்சுன்னு விடாம தோண்டிப் பாத்தேன். ரெண்டு இடத்தோட பேரும் போடல, நீங்க எந்த நர்சரிக்குப் போனாலும் கேக்க வேண்டிய கேள்வி ஒன்னுதான்.

முதல் நடவு கதையைச் சொல்லிடறேன். கன்னு 13 ரூபான்னு சொன்னாங்க, அப்ப மத்த இடத்துல 17, 18 போய்க்கிட்டு இருந்துச்சு. 1,200 கன்னுக்கு அஞ்சாறாயிரம் மிச்சம்னா யாருக்குத்தான் ஆசை வராது, சரின்னுட்டோம். வண்டியில வந்து இறங்கினப்ப பை எல்லாம் புதுசா இருந்துச்சு, மண்ணு இறுகவே இல்ல, தூக்கினா பையோட சேர்ந்து செடி ஆடுச்சு. அப்பவே அப்பா "ஏம்மா, இது பையில வேர் பிடிச்ச மாதிரி தெரியலயே"ன்னாரு. நான்தான் நட்டாப் பிடிச்சுக்கும்ப்பான்னு சொன்னேன். முத மாசத்துலயே 110 கன்னுக்கு மேல கருகிப் போச்சு. சொட்டுநீர் ஓடுது, மண்ணு ஈரமா இருக்கு, ஆனா செடி நிக்க மாட்டேங்குது.

அது போகட்டும்னு செத்த இடத்துல மாத்துக் கன்னு நட்டு எழுப்பினோம். மூணாவது மாசம் அடுத்தது ஆரம்பிச்சுச்சு. வரிசைக்கு ரெண்டு மூணு மரம் மட்டும் உசரமே வராம, இலை எல்லாம் ஒன்னு மேல ஒன்னு நெருக்கமா, குட்டையா, காம்பே இல்லாத மாதிரி நின்னுச்சு. பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து பாத்துட்டு முடிக்கொத்து நோய், உடனே பிடுங்கிப் போடுங்கன்னாரு. முடிக்கொத்துன்னா வாழைக்காரங்களுக்கு அடிவயிறு கலங்கும், அது வைரஸ் நோய், அசுவினிப் பூச்சி ஒரு மரத்துல இருந்து அடுத்த மரத்துக்குக் கொண்டு போயிரும், மருந்தே கிடையாது. ஆனா எனக்கு அது ஒத்து வரல. முடிக்கொத்தா இருந்தா இலைக்காம்புலயும் நடுநரம்போட அடிப்பக்கத்துலயும் கரும்பச்சையில சின்னச் சின்னக் கோடும் புள்ளியுமா விட்டு விட்டு ஓடும், இலை ஓரம் மஞ்சளாகி விறைச்சு நிக்கும், மடக்கினா படக்குன்னு ஒடியும். காலையில வெயில் ஏறினதும் ஒவ்வொரு இலையையும் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாத்தேன். மூணே மூணு மரத்துல அந்தக் கோடு இருந்துச்சு. அதுக்கு முதல்ல அசுவினிக்கு மருந்தடிச்சு, அப்புறம் கிழங்கோட தோண்டி எடுத்து அழிச்சோம். மிச்சம் 80 மரத்துக்கு மேல கோடே இல்ல, இலை நல்ல பச்சை, நோயே கிடையாது. அதோட உருவமே அப்படித்தான். குட்டை ரகமா மாறிப்போன ஜி-9. அதுல வந்த தாரு, சீப்பு நெருங்கி, பாதி தண்டுக்குள்ளயே சிக்கிக்கிட்டு வெளிய வர முடியாம நின்னுச்சு. ஏவாரி அதைத் தொட்டுக் கூடப் பாக்கல.

ஒரே தாய்ல இருந்து வந்த கன்னு எப்படி இப்படி ஆகும்? இது புரியணும்னா வாழை எப்படிப் பெருகுதுன்னு கொஞ்சம் தெரியணும், பொறுமையாப் படிங்க, ஏன்னா காசு கொடுத்து நாம வாங்கறதே இதைத்தான்.

வாழைக்கு விதை இல்ல, ஏன் இல்லன்னு எத்தனை பேரு யோசிச்சிருப்போம்? காட்டு வாழைக்கு உண்டு, பழத்துக்குள்ள மிளகு மாதிரி கருப்பா, பல்லு உடையற அளவுக்கு. காட்டு வாழையில ஒவ்வொரு செல்லுலயும் குரோமோசோம் 22, அதாவது பதினொன்னு பதினொன்னா ரெண்டு செட்டு. மகரந்தமும் சூலும் உண்டாகறப்ப மியாசிஸ்னு ஒரு பிரிவு நடக்கும், அதுல ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியைத் தேடிப் பிடிச்சு நின்னு, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் சரிபாதியா விலகும். நம்ம ஜி-9ல 33, மூணு செட்டு. ஜோடி சேரணும்னு வந்தா ஒவ்வொன்னுலயும் ஒருத்தன் எக்ஸ்ட்ரா. கபடிக்கு ஆள் பிரிக்கறப்ப ஒத்தைப்படையில ஆள் வந்தா எப்படி இழுபறி ஆகும், அதே இழுபறி பதினொரு இடத்துலயும் ஒரே நேரத்துல நடக்குது. எந்தப் பக்கம் எத்தனை போகும்னு கணக்கே இல்லாம போறதால உருப்படியான மகரந்தமோ முட்டையோ உண்டாகறதே அபூர்வம். ஆனாலும் காய் பெருக்குது, கருவுறாமலே காய்க்கற குணம் வாழைக்கு இருக்கு. ஒரு பழத்தைக் குறுக்க வெட்டிப் பாருங்க, நடுவுல கடுகுல பாதி கூட இல்லாத கருப்புப் புள்ளிங்க வரிசையா தெரியும், விதையாகாமலே நின்னுபோன சூலுங்கதான் அது. (கற்பூரவல்லியும் மூணு செட்டுதான், ஆனா மகரந்தம் கிடைச்சா எப்பவாவது விதை வெச்சிரும், சின்ன வயசுல கடிச்சுப் பல்லு வலிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.)

விதை வழி அடைஞ்சு போனதால மிச்சம் இருக்கறது ஒரே வழி, கிழங்கு. நாம தண்டுன்னு சொல்றது தண்டே இல்ல, இலையடிங்க ஒன்னை ஒன்னு சுத்தி நிக்கறது. நிஜமான தண்டு மண்ணுக்குள்ள இருக்கற கிழங்குதான், அதோட உச்சியில இருக்கற குருத்துல செல்லு ரெண்டாப் பிரியறது நிக்கவே நிக்காது. இந்தப் பிரிவுதான் மைட்டாசிஸ், 33ஐயும் அப்படியே படி எடுத்து ரெண்டு செல்லுக்கும் முழுசா 33 கொடுத்துரும், பாதியாக்காது, ஜோடி தேடாது. அதனால மூணு செட்டு இருந்தாலும் இந்த வேலைக்கு ஒரு சிக்கலும் கிடையாது. கிழங்கோட பக்கத்துல இருக்கற மொட்டு இதே மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சுதான் பக்கக்கன்னா வெளிய வருது. வாழையடி வாழைன்னு நம்மாளுங்க கல்யாணத்துல வாழ்த்தறது இதைப் பாத்துத்தான். தாய்க்கும் கன்னுக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே கிடையாது.

ஆனா ஒரு கிழங்குல நடறதுக்கு ஏத்த ஈட்டிக்கன்னு வருசத்துக்குப் பத்து வந்தாலே பெருசு. கிழங்கோட சேர்ந்து கூன்வண்டு வரும், நூற்புழு வரும், வைரஸ் இருந்தா அதுவும் வரும். ஒரு கன்னு பெருசு ஒரு கன்னு சிறுசுன்னு இருக்கறதால தாரும் மூணு மாசம் முன்னப் பின்ன வரும், ஏவாரி நாலு தடவை வந்து வெட்டணும். இதுக்கெல்லாம் தீர்வாத்தான் திசு வாழை வந்துச்சு. மரபணு மாத்தினது, ஊசி போட்டதுன்னு எங்க ஊர்ல இன்னும் சொல்றாங்க, அப்படி இல்லவே இல்ல. மண்ணுக்குள்ள அந்தக் குருத்து செய்யற அதே வேலையை பாட்டிலுக்குள்ள வேகமாச் செய்ய வைக்கறாங்க, அவ்வளவுதான்.

இதை நான் புஸ்தகத்துல படிச்சிருந்தேன், ஆனா ரெண்டாவது நடவுக்கு முன்னாடி லேபுல போயி கண்ணால பாத்தப்பதான் முழுசாப் புரிஞ்சுச்சு. செருப்பைக் கழட்டி, தலைக்கு உறை மாட்டி, கண்ணாடிக்கு வெளிய நிக்க விட்டாங்க. உள்ள ஒரு அக்கா, காத்து வடிகட்டி வர்ற பெட்டிக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க. கத்தியையும் இடுக்கியையும் சூடு பண்ணி ஆற வெச்சு, ஜாம் பாட்டில் மாதிரி ஒன்னைத் திறந்து ஒரு கொத்தை வெளிய எடுத்தாங்க. வெள்ளையும் வெளிர்பச்சையுமா, பூண்டுப் பல்லு கொத்தா முளைச்ச மாதிரி இருந்துச்சு. அதை ஒரு தட்டுல வெச்சு, கருத்த பாகத்தை மட்டும் சீவி எறிஞ்சுட்டு, மூணாப் பிரிச்சு மூணு புது பாட்டில்ல நட்டாங்க. மூணு, நாலு வாரத்துல ஒவ்வொன்னும் மறுபடி கொத்தாகிடும், மறுபடி மூணு. கணக்குப் போட்டுப் பாருங்க, எட்டு சுத்துல ஒரே குருத்து ஆறாயிரத்துக்கு மேல போயிரும், பேப்பர் கணக்குதான், பூஞ்சை பிடிச்சு வீணாப் போறது தனி. பாட்டிலுக்குள்ள இருக்கற ஜெல்லி 1962-ல முராஷிகி, ஸ்கூக்னு ரெண்டு விஞ்ஞானிங்க புகையிலைத் திசுவுக்காகக் கண்டுபிடிச்ச உப்புக் கலவை, கூட சக்கரை, அகர். அதுல சைட்டோகைனின் ஹார்மோன் தூக்கலா இருந்தா குருத்து குருத்தா வெடிக்கும், கடைசியில ஆக்சின் உள்ள ஜெல்லிக்கு மாத்தினா வேர் விடும். செடியோட எந்த உயிருள்ள செல்லுக்கும் முழுச் செடியாகற சக்தி இருக்கும்னு ஹேபர்லாண்ட்ங்கற விஞ்ஞானி 1902-லயே யோசிச்சு எழுதினாரு, அவரால செஞ்சு காட்ட முடியல. அங்க ரேக்குல ட்யூப்லைட்டுக்குக் கீழ வரிசை வரிசையா ஆயிரக்கணக்கான பாட்டிலைப் பாத்துக்கிட்டு நின்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ஒவ்வொரு பாட்டில் மேலயும் மார்க்கர்ல தேதியும் ஒரு நம்பரும் இருந்துச்சு. அது எத்தனாவது சுத்துன்னு கேட்டேன். அந்த அக்கா மைக்ல "இது அஞ்சாவது சுத்தும்மா. எங்ககிட்ட ஏழோட நிறுத்திட்டு வேருக்கு அனுப்பிருவோம், அப்புறம் புதுக் கட்டைதான்"னாங்க. கட்டைன்னா குருத்து எடுக்கற தாய்க் கிழங்கு. எட்டுக்கு மேல போகக் கூடாதுன்னுதான் பொதுவாச் சொல்றாங்க, இவங்க அதுக்கும் ஒன்னு முன்னாடியே நிறுத்தறாங்க.

எனக்கு முதல் நடவோட விடை அந்த நம்பர்லதான் இருந்துச்சு. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு ஒரு பழமொழி இருக்கே, ஓலைச்சுவடியைப் பாத்துப் பாத்து எழுதறப்ப ஒருத்தர் விட்ட பிழையை அடுத்தவர் பாடம்னு நினைச்சு அப்படியே எழுதுவாரு, அவரு பங்குக்கு இன்னொன்னு சேரும். செல்லு பிரியறதும் அப்படித்தான். மண்ணுக்குள்ள மெதுவாப் பிரியறப்பவும் பிழை வரும், ஆனா குறைவு. பாட்டிலுக்குள்ள ஹார்மோனைக் கொட்டி, திரும்பத் திரும்பப் பிரிய விட்டா குரோமோசோம்ல, அதுல இருக்கற எழுத்துல, எந்த ஜீன் எப்ப வேலை செய்யணும்ங்கற கட்டுப்பாட்டுல எல்லாம் பிழை விழற வாய்ப்பு கூடுது. ஒரு சுத்துல விழுந்த பிழை அடுத்த சுத்துல மூணாகும், அதுக்கடுத்து ஒன்பது. ஜி-9ல அதிகமா வர்ற பிழை குட்டையாப் போறதுதான். லாபத்துக்காக ஒரே கட்டையில இருந்து பன்னெண்டு, பதினஞ்சு சுத்து இழுத்தாங்கன்னா அந்தக் கன்னு சும்மா பாத்தா அழகாத்தான் இருக்கும், காசு கொடுக்கறப்ப ஒன்னும் தெரியாது. எனக்கு வந்த கன்னு எத்தனாவது சுத்துன்னு அந்த ஏஜென்ட்டை அப்புறம் போன்ல கேட்டேன், அப்படி ஒரு கணக்கு இருக்கறதே அவருக்குத் தெரியல.

சரி, ரெண்டாவது நடவு. லேபுல கன்னு 18 ரூபா. தைப் பொங்கல் கழிச்சு நட்டோம். வர்றதுக்கு முன்னாடியே பையைத் திருப்பி ஒரு செடியை உருவிக் காட்டினாங்க, மண்ணுக் கட்டி உடையாம வெள்ளை வேர் நாலு பக்கமும் வலை மாதிரி பின்னியிருந்துச்சு. ஒரு அடி உசரம், அஞ்சாறு இலை, தண்டு நல்ல கெட்டி. பாட்டில்ல இருந்து வெளிய வர்ற செடிக்கு இலை மேல மெழுகே சரியா இருக்காது, இலைத்துளையும் ஒழுங்கா மூடத் தெரியாது, அதனால முதல்ல ஒரு மாசம், ஒன்னரை மாசம் ஈரக்காத்துல ட்ரேயில வெச்சு, அப்புறம் பையில நிழல்வலைக்குள்ள இன்னொரு ஒன்னரை மாசம் வெச்சுப் பழக்கணும். முதத் தடவை எனக்கு வந்தது இந்த ரெண்டாவது பழக்கம் இல்லாம நேரா பையில மாத்தி அனுப்பினது, அதான் வெயில் பட்டதும் போச்சு. இந்தத் தடவை செத்தது 14 கன்னு, அதுக்கும் மாத்துக் கன்னு கொடுத்தாங்க. குட்டையாப் போனது ஆறே ஆறு. ஆவணி பொறக்கறப்ப குலை தள்ள ஆரம்பிச்சு, மூணு வாரத்துக்குள்ள முக்கால்வாசி மரம் தள்ளிருச்சு. ஒரே மாதிரி, ஒரே உசரத்துல, வரிசையா செங்கருஞ்சிவப்புப் பூ தொங்கறதைப் பாத்து அப்பா வரப்புல ரொம்ப நேரம் பேசாம நின்னாரு.

பூவைச் சொன்னதும் ஞாபகம் வருது. மேல சீப்பாகறது பெண் பூ, கடைசிச் சீப்புக்குக் கீழ மடலுக்குள்ள இருக்கறது ஆண் பூ, அதுதான் நாம சமைக்கற வாழைப்பூ. ஆயும்போது கள்ளன்னு உருவி எறியறோமே, தீக்குச்சி மாதிரி தலை உருண்டையா விறைப்பா இருக்கறது, அது சூலகத்தோட தண்டும் முடியும். பக்கத்துல மகரந்தப் பையும் இருக்கும், ஆனா ஜி-9ல அதுல உருப்படியான மகரந்தம் கிடைக்கறது அபூர்வம். விதையும் ஆகாது, மரத்தோட சத்தை மட்டும் இழுக்கும், அதனால கடைசிச் சீப்பு விரிஞ்சதும் பூவை ஒடிச்சுருங்க, காய் திரட்சி கண்ணுக்கே தெரியும்.

மார்கழி கடைசியில வெட்ட ஆரம்பிச்சோம், ரெண்டே வெட்டுல காடு காலி. நல்ல தாரு 28, 30 கிலோ நின்னுச்சு. பக்கக்கன்னு நட்ட காலத்துல பதினாலு மாசம் காத்திருப்போம், இது பன்னெண்டுக்குள்ள முடிஞ்சுச்சு.

குறை இல்லாம இல்ல. முத ரெண்டு மாசம் பச்சப்புள்ளையாப் பாக்கணும், கிழங்குல சேமிச்ச சாப்பாடு இல்லாத செடி, உரம் கொஞ்சம் கொஞ்சமா ஆனா அடிக்கடி கொடுக்கணும். ஊடுபயிரா வெள்ளரியோ தக்காளியோ போடலாம்னு சித்தப்பா சொன்னாரு, லேபுல கண்டிப்பா வேணாம்னுட்டாங்க, வெள்ளரித் தேமல் வைரஸ் அதுல இருந்து அசுவினி மூலமா இளம் திசுக் கன்னுக்கு சீக்கிரம் தாவிடும். அந்த வருமானம் போச்சு. பக்கக்கன்னும் நிறைய வெடிக்குது, அறுத்துக்கிட்டே இருக்கணும். இன்னொன்னு, திசு வாழைன்னாலே வைரஸ் இல்லாததுன்னு விளம்பரம் பண்றாங்களே, அதை நம்பாதீங்க. தாய்க் கட்டையில வைரஸ் இருந்தா ஆயிரம் கன்னுலயும் அது போகும், படி எடுக்கறது வாழையை மட்டும் இல்ல. தாய்க் கட்டையை டெஸ்ட் பண்ணித்தான் பாட்டில்ல ஏத்தணும், எங்க வயல்ல வந்த அந்த மூணு முடிக்கொத்து மரமும் பெரும்பாலும் அப்படித்தான் வந்திருக்கும்னு நினைக்கறேன்.

மனசுல உறுத்தற இன்னொரு விஷயமும் உண்டு. 1,200 மரமும் ஒரே மரம், பக்கத்துத் தோட்டமும் அதே மரம், ஜி-9 சேர்ந்திருக்கற, உலகம் முழுக்க ஏற்றுமதிக்குப் போற கேவண்டிஷ் குடும்பமும் கிட்டத்தட்ட அதேதான். முன்னாடி குரோ மிஷல்னு ஒரு ரகம் இதே மாதிரி உலகத்தையே ஆண்டுச்சு, பனாமா வாடல் வந்து 1950கள், 60கள்ல வியாபாரத்துல இருந்தே போயிருச்சு. இப்ப கேவண்டிஷையும் சாய்க்கற வாடல் பூஞ்சை பீகார், உத்தரப் பிரதேசம் வரைக்கும் வந்தாச்சு. அதனால வடக்க இருந்து யாராவது கிழங்கு, கன்னு கொண்டு வந்தா தயவு செஞ்சு வாங்காதீங்க, மண்ணுல ஒட்டிக்கிட்டு வந்தாலே போதும். நான் வீட்டுப் பின்னாடி ரஸ்தாளி, பூவன், பச்சநாடன் எல்லாம் பத்துப் பத்து மரம் விடாம வெச்சிருக்கேன். முடிக்கொத்தால அழியப் பாத்த பழனி மலை விருப்பாட்சியை வைரஸ் இல்லாத திசுக் கன்னு மூலமாத்தான் மறுபடி மலையில நட ஆரம்பிச்சாங்க, இதே பாட்டில் நாட்டு ரகத்துக்கும் உசுரு கொடுக்கும். அதுக்கு ஆர்டர் கொடுக்க நாமதான் போகணும்.

நான் எவ்வளவு ஸ்டார் கொடுப்பேன்னா, ரெண்டாவது லேபுக்கு அஞ்சுக்கு நாலரை, முதல்ல வாங்கினதுக்கு ஒன்னு. 13க்கும் 18க்கும் நடுவுல இருக்கற அந்த அஞ்சு ரூபா ஒரு குட்டை மரத்தோட நஷ்டத்துக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல.

வாங்கறப்ப நேர்ல போங்க. எத்தனாவது சுத்துன்னு கேளுங்க, பதில் சொல்லத் தயங்கினா திரும்பிருங்க. தாய்க் கட்டைக்கு வைரஸ் டெஸ்ட் பண்ண ரிப்போர்ட் கேளுங்க. மத்திய அரசோட உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல இருந்து திசு வளர்ப்புக் கன்னுக்குன்னே சான்றிதழ் முறை வெச்சிருக்கு, வைரஸ் இல்லங்கறதையும் தாய் மாதிரியே இருக்கான்னும் பாத்துத்தான் லேபிள் கொடுப்பாங்க, அந்த லேபிள் உங்க லாட்டுக்கு இருக்கான்னு பாருங்க. திருச்சியில தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு, சந்தேகம்னா அங்க கேக்கலாம். பையைத் திருப்பி வேரைப் பாருங்க. மத்ததை விட இலை அகலமா, நீளம் கம்மியா, காம்பு குட்டையா இருக்கற கன்னு கண்ணுல பட்டா அப்பவே ஒதுக்கிருங்க, குட்டையாப் போறது நர்சரியிலயே பாதி தெரிஞ்சிரும், அதைப் பொறுக்கி எடுக்கறதுக்கு நல்ல லேபுல தனியா ஆளே வெச்சிருக்காங்க.

இன்னொன்னு, போன அன்னைக்கே கன்னு கிடைக்காது. பாட்டில்ல இருந்து எடுத்து ரெண்டு பழக்கமும் முடிக்கவே மூணு மாசம் ஆகும், அதனால தையில நடணும்னா ஐப்பசி பொறக்கறதுக்குள்ள அட்வான்ஸ் கட்டிருங்க. நான் இந்தத் தடவை புரட்டாசியிலயே கட்டிட்டேன், 1,000 ஜி-9, 200 ரஸ்தாளி.